சித்திரை வெயிலில் ஓடும் மழைநீர்

வேலூர் மலையடிவாரத் தெருக்களில் சொந்த வீடு வைத்திருப்பவர்களுக்கும், அந்தத் தெருக்களின் குடியிருப்போர் நலச் சங்கத்தாருக்கும்,

வணக்கம்.

போன சித்திரையில், அக்னி நட்சத்திரம் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது, எங்கள் தெரு மழைநீர் வடிகாலின் சிமெண்ட் மூடி ஒன்று உடைந்து உள்ளே விழுந்தது. காலை ஆறரை மணி இருக்கும். பால் வாங்கப் போனவன் எட்டிப் பார்த்தேன். நான்கு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மழை பெய்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்த நேரம். வீட்டுக் கிணற்றில் வாளி தரை தட்டுகிறது, மழைநீர் வடிகாலில் மட்டும் சலசலவென்று ஓட்டம்.

வேலூரைப் பற்றிப் பழைய கேலி ஒன்று உங்களுக்கெல்லாம் தெரியும். சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு. 1981ல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குச் சாமி திரும்பி வந்துவிட்டார். ராஜா இனி வரப்போவதில்லை. ஆற்றுக்குத்தான், கோடையிலும் தவறாமல் நாம் தண்ணீர் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். மலையடிவாரத்தில் தொடங்கித் தெருத் தெருவாகச் சரிந்து, நிக்கல்சன் கால்வாயில் விழுந்து, பாலாற்றில் போய்ச் சேருகிறது அது. என்ன தண்ணீர் என்று கேட்டால்தான் யாருக்கும் பதில் சொல்ல விருப்பமில்லை.

பேச்சிலேயே இந்தக் குழப்பம் இருக்கிறது. 'மழைநீர் வடிகால்' என்ற சொல்லை ஒப்பந்தப் பலகையில்தான் பார்க்கலாம். வாயில் வருவது காவா, இல்லையென்றால் சாக்கடை. மழைத் தண்ணீருக்கு ஒன்று, வீட்டுக் கழிவுக்கு ஒன்று என்று இரண்டு பாதை இருக்க வேண்டும் என்பதே நம் நினைப்பில் இல்லை. ஓடுவதெல்லாம் காவா.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முப்பது வருடம் ஒரு பரிசோதனைக்கூடத்தில் தண்ணீர் மாதிரி பார்த்து ஓய்வு பெற்றவன். பெரும்பாலும் தோல் தொழிற்சாலைக் கழிவுநீர். குரோமியம், உப்பு, பிஓடி (கழிவு மக்கும்போது தண்ணீரிலிருந்து இழுக்கும் ஆக்சிஜன் அளவு) என்று ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையிலிருந்து பாட்டில் பாட்டிலாக வரும். பழைய வடஆற்காட்டுக்காரர்களுக்குத் தண்ணீர் கெட்டுப்போனது என்றால் உடனே நினைவுக்கு வருவது தோல்ஷாப்தான். அதில் நியாயமும் இருக்கிறது. கெடுத்தவர்தான் செலவை ஏற்க வேண்டும் என்பதை நாட்டின் சட்டமாக ஊன்றி நிறுத்திய 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, வேலூர் பெயரில்தான் இன்றுவரை எல்லா நீதிமன்றங்களிலும் மேற்கோள் காட்டப்படுகிறது. பாலாற்று மாசு பற்றி 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொல்லியிருக்கிறது. ஆனால் எங்கள் தெருவில் தோல்ஷாப் எதுவும் கிடையாது. அப்புறம் அந்த நான்கு விரல் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

அதைத் தேடிய கதையைத்தான் எழுதுகிறேன். கடைசியில் உங்களிடம் ஒரு உதவி கேட்கப்போகிறேன்.

முதலில் ஒரு விஷயம். காவாய்த் தண்ணீரில் கழிவு கலந்திருக்கிறதா என்று பார்க்க மழை நாளில் மாதிரி எடுப்பது வீண் வேலை. மழை பெய்யும்போது கூரைத் தண்ணீர், ரோட்டுத் தண்ணீர், மாட்டுச் சாணம், நாய் அசிங்கம், குப்பை மேட்டு ஊறல் எல்லாம் ஒன்றாக வரும். யாருடையது எது என்று பிரிக்கவே முடியாது. தேட வேண்டியது வெயில் காலத்தில். மூன்று நாளாவது மழையே இல்லாத பிறகு வடிகாலில் ஈரம் இருந்தால், அது யாரோ விடுகிற தண்ணீர். நேரமும் முக்கியம். காலை ஆறிலிருந்து எட்டுக்குள் போனால்தான் ஆள் பிடிபடும், எல்லா வீட்டிலும் கக்கூசும் குளியலறையும் ஓய்வில்லாமல் இருக்கும் நேரம் அது. மதியம் மூன்று மணிக்குப் போனால் காவா சாதுவாகப் படுத்திருக்கும்.

ஓடுகிற தண்ணீர் எல்லாமே கக்கூசுத் தண்ணீர் என்று பாய்ந்துவிடவும் கூடாது. குடிநீர்க் குழாய் உடைந்து கசிந்திருக்கலாம். துணி துவைத்த தண்ணீராக இருக்கலாம். கேன் வாட்டர் போடுகிறவர் ஆர்ஓ மிஷினிலிருந்து தள்ளிவிடுகிற உப்புத் தண்ணீராக இருக்கலாம். நம் ஊரில் பத்து வீட்டுக்கு ஒரு வீட்டில், தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் கிடக்கும், அதை வைத்து முதல் சலிப்பைச் சலித்துவிடலாம். காவிரித் தண்ணீர் கசிந்தால் எண் குறைவாக இருக்கும், குளோரின் வாசனையும் லேசாகத் தெரியும். ஆர்ஓ கழிவு என்றால் எண் எகிறிவிடும், ஆனால் நாற்றம் இருக்காது. போர் தண்ணீரே நம் பக்கம் உப்பு என்பதால் மீட்டர் இதற்கு மேல் உதவாது. மீட்டரை மட்டும் நம்பினால் ஒரு அப்பாவியின் வீட்டு வாசலில் போய் நிற்பீர்கள்.

அடுத்த சலிப்பு அம்மோனியா. சிறுநீரில் உள்ள யூரியா உடைந்து அம்மோனியாவாக மாறும், அதனால் வீட்டுச் சாக்கடை நீரில் அது லிட்டருக்கு 20, 30 மில்லிகிராம் என்று சாதாரணமாக இருக்கும். குடிநீருக்கு இந்தியத் தர அளவு 0.5தான். இதைப் பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். மீன் தொட்டி விற்கிற கடையில் அம்மோனியா சோதனைப் பெட்டி கிடைக்கிறது. சொட்டு விட்டால் மஞ்சளிலிருந்து பச்சையாக மாறும். மீனுக்காகச் செய்த பெட்டி என்பதால் காவாய்த் தண்ணீரை நேராக விட்டால் கரும்பச்சையாகி எதுவும் தெரியாது. கேன் தண்ணீரில் பத்துக்கு ஒன்றாகக் கலந்து பார்க்க வேண்டும். முதல் நாள் நான் கலக்காமல் பார்த்துவிட்டுப் பெட்டி கெட்டுப்போனது என்று நினைத்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். முப்பது வருட அனுபவம்!

துவைத்த தண்ணீரிலும் கொஞ்சம் அம்மோனியா வரும் என்பதால் அமெரிக்காவின் அலபாமாவில் ராபர்ட் பிட் என்ற பேராசிரியர் ஒரு எளிய வழியை வகுத்தார். அம்மோனியாவைப் பொட்டாசியத்தால் வகுத்துப் பார். ஒன்றுக்கு மேல் வந்தால் கக்கூசுப் பக்கம் சந்தேகப்படு, கீழே வந்தால் துவைத்த தண்ணீர் என்று வைத்துக்கொள். எந்தக் கல்லூரி வேதியியல் கூடத்திலும் பொட்டாசியம் பார்க்கிற கருவி இருக்கும். ஆனால் அந்த 'ஒன்று' அந்த ஊர்த் தண்ணீரை வைத்துக் கண்ட எண். அதை அப்படியே இங்கே கொண்டுவந்து யார்மீதும் குற்றம் சொல்ல முடியாது. நம் போர் தண்ணீர் வேறு, நம் சோப்புத்தூள் வேறு. நம் ஊருக்கென்று ஒரு பதிவேடு முதலில் வேண்டும். காவிரித் தண்ணீர், பாலாற்றுத் தண்ணீர், போர் தண்ணீர், துவைத்த தண்ணீர், செப்டிக் டேங்க்கிலிருந்து வழிகிற தண்ணீர் என்று ஒவ்வொன்றிலும் பத்துப் பாட்டில் எடுத்து, அதில் எது எவ்வளவு என்று எழுதிவைத்துக்கொண்டால் பிறகு காவாய் மாதிரி எதைப் போலிருக்கிறது என்று ஒப்பிடலாம். கல்லூரி மாணவர்கள் ஒரு பருவத்தில் முடித்துவிடுகிற வேலை. வேலூரில் கல்லூரிக்கா பஞ்சம்?

எனக்குப் பிடித்தது அடுத்த வழி. சோப்புத்தூளில் துணியை வெள்ளையாகக் காட்ட ஒரு பொருள் போடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக்கதிரை உறிஞ்சி நீலமாக ஒளிவிடும் பொருள். அது பருத்தியில் ஒட்டிக்கொள்ளும். அதனால் பருத்தித் துண்டு ஒன்றைக் கம்பி வலைக்குள் வைத்துக் காவாயில் நாலைந்து நாள் கட்டிவைத்து, எடுத்து அலசி, நிழலில் உலர்த்தி, இருட்டில் கள்ளநோட்டுப் பார்க்கிற விளக்கைக் காட்டினால் தெரிந்துவிடும். அந்த வழியாக வீட்டுத் தண்ணீர் போயிருந்தால் துண்டு நீலமாக மின்னும். கழுவுகிற தண்ணீர் எந்த நேரத்தில் போனாலும் துணி பிடித்துவைத்துக்கொள்வதால் காலையில் எழுந்து காவல் காக்க வேண்டியதில்லை. மேலே ஒரு துண்டு, கீழே ஒரு துண்டு, கிளை சேருகிற இடத்தில் ஒரு துண்டு. மின்னுகிற துண்டுக்கும் மின்னாத துண்டுக்கும் நடுவில்தான் குழாய் இருக்கிறது.

இதில் ஒரு சின்ன வேடிக்கை. முதலில் என் பழைய வேட்டியைக் கிழித்துப் போட்டேன். போடுவதற்கு முன்பே விளக்கில் அது பளீரென்று மின்னியது. இத்தனை வருடம் வீட்டில் சோப்புத்தூள் போட்டுத் துவைத்த வேட்டி ஆயிற்றே. பிறகு குடியாத்தத்தில் நெசவு செய்கிற ஒருவரிடம் வெளுக்காத காடாத் துணி வாங்கிவந்தேன். அதுதான் சரியாக வந்தது. இலைச்சாறு, தேயிலைக் கறை கூடச் சில சமயம் மின்னும். சந்தேகம் இருந்தால் துண்டை வெயிலில் கொஞ்ச நேரம் காட்டுங்கள். சோப்புத்தூள் ஒளி வெயிலில் சட்டென்று மங்கிவிடும், மற்றது அப்படியே இருக்கும்.

நான் குனிந்து துண்டு கட்டுவதைப் பார்த்த டீக்கடைத் தம்பி, "இன்னா சார், காவாய்ல மோதிரம் கீது வுழுந்துச்சா?" என்றார். "மோதிரம் இல்லப்பா, தெருவோட மானம்" என்றேன். சொல்லும்போது பெரிய வசனம் பேசிவிட்டதாகத் தோன்றியது. ஒரு வாரத்தில் அதற்கு வெட்கப்பட வேண்டியதாயிற்று.

ஒன்பது துண்டுகள் கட்டினேன். எங்கள் சந்துக்கு மேலே கட்டிய மூன்றும் மங்கலாக இருந்தன. எங்கள் சந்து சேருகிற இடத்துக்குக் கீழே இருந்த துண்டு, விளக்கைக் காட்டியதும் டியூப்லைட் மாதிரி எரிந்தது. சந்துக்குள் நான்கு வீடுகள். அவற்றில் ஒன்று என்னுடையது. 'மற்ற மூன்றில் எது?' என்றுதான் என் மனம் முதலில் கேட்டது. அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

கடைசிச் சோதனை சாயம். ஃப்ளோரசின் என்று ஒரு சாயம், கண் டாக்டர் கருவிழியில் கீறல் பார்க்கப் போடுகிறாரே, அதே பொருள். ஒரு சிட்டிகை போதும், வாளித் தண்ணீர் முழுக்கப் பச்சையாக மின்னும். கக்கூசில் ஊற்றித் தண்ணீர் விட்டு, வடிகால் மூடியைத் திறந்துவைத்துக் காத்திருக்க வேண்டும். நேராகக் குழாய் போட்டிருந்தால் சில நிமிடத்தில் வெளியே தெரியும். செப்டிக் டேங்க் வழியாக வந்தால் தொட்டிக்குள் கலந்து மெதுவாகத்தான் வரும், சில சமயம் ஒருநாள் கூட ஆகும். அக்கம்பக்கத்துக்கு ஒரு நல்ல எண்ணத்தைக் காட்டுவோம் என்று என் வீட்டிலிருந்தே தொடங்கினேன். என் வீட்டுக்கு உறிஞ்சுகுழி இருக்கிறது, நான்தான் 1994ல் நின்று கட்டினேன், சந்தேகமே இல்லை. சாயம் ஊற்றிவிட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். இருபது நிமிடம். காவாயில் கிளிப்பச்சை.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. பதினைந்து வருடத்துக்கு முன்னால் தொட்டி அடிக்கடி நிரம்பியது. வந்த மேஸ்திரி, "கீழ பாறை சார், குழி உறிஞ்சல. நாலு இஞ்ச் பைப் ஒண்ணு காவாய்ல குடுத்துடறேன், தொல்லை வுட்டுச்சு" என்றார். செலவு குறைச்சல். சரி என்றேன். நான்தான் சரி என்றேன். மேஸ்திரியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர் கேட்டுவிட்டுத்தான் செய்தார். தொட்டிக்குள் கக்கூசுக் குழாய்க்கும் வெளியே போகிற குழாய்க்கும் இரண்டடி கூட இல்லை, நடுத்தடுப்பு உடைந்திருந்தது. அதனால்தான் அவ்வளவு சீக்கிரம் வந்திருக்கிறது. ஊர்க் கழிவுநீரைச் சோதித்துச் சம்பளம் வாங்கியவனின் வீட்டுக் கழிவு, பதினைந்து வருடமாக மழைநீர் வடிகாலில்.

மீதி மூன்று வீட்டிலும் பிறகு அவர்களே கூப்பிட்டுச் சாயம் விடச் சொன்னார்கள். அதில் என்ன வந்தது என்பதை எழுத மாட்டேன். அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நம்மில் பலருடைய வீட்டுக் கதையும் இதுதான் என்று நினைக்கிறேன். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. மலையடிவாரத்தில் கொஞ்சம் தோண்டினால் பாறை. மனை சிறியது. செப்டிக் டேங்க் கட்டினால் வழிகிற நீர் மண்ணுக்குள் போக வேண்டும், பாறைக்குள் எப்படிப் போகும்? லாரியைக் கூப்பிட்டால் பணம். வாசலில் காவா இருக்கிறது. குழாயைத் திருப்பிவிட்டாயிற்று.

'டேங்க்கில் தெளிந்துதானே வருகிறது, அதிலென்ன?' என்று கேட்கலாம். கண்ணுக்குத் தெளிந்திருக்கும். கணக்கைப் பாருங்கள். கழிவுநீர் 100 மில்லியில் மலத்தில் வாழும் கிருமிகள் 10 லட்சத்திலிருந்து 1 கோடி வரை இருக்கும். டேங்க்கில் ஓரளவு குறையும், லட்சக்கணக்கில்தான் நிற்கும். ஆற்றில் குளிப்பதற்கு மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் சொல்லும் விரும்பத்தக்க அளவு 500, உச்ச வரம்பு 2500. அதாவது ஒரு வாளி கழிவுநீரை ஆயிரம் வாளி சுத்தமான மழைத் தண்ணீரில் ஊற்றினாலும் குறைந்தது 1000 அளவில் நிற்கும், விரும்பத்தக்க அளவைப்போல் இரண்டு மடங்கு. மழை கழுவிக்கொண்டு போய்விடும் என்று நாம் சொல்வதெல்லாம் நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் சமாதானம். மழை அதை இடம் மாற்றுகிறது, அவ்வளவுதான்.

எங்கே மாற்றுகிறது என்பதும் நமக்குத் தெரியும். 2021 நவம்பரில் பாலாற்றில் 1903க்குப் பிறகு பார்க்காத வெள்ளம் என்றார்கள், பாலத்தில் நின்று நாமெல்லாம் செல்போனில் படம் எடுத்தோம். அதே நாட்களில் கன்சால்பேட்டையிலும் இந்திரா நகரிலும் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். நிக்கல்சன் கால்வாய் நிரம்பினால் முதலில் மூழ்குவது அந்தப் பக்கம்தான். செய்தியில் 'மழைநீர் புகுந்தது' என்று வந்தது. மழைநீர் மட்டுமா புகுந்தது? மேட்டிலிருந்து நாம் குழாய் வைத்து விட்டதும் சேர்ந்துதான் அந்த வீடுகளின் அரிசிப் பானை வரைக்கும் போனது.

நம் வீட்டுக்கும் அது திரும்பி வருகிறது. குடிநீர்க் குழாய் பல தெருக்களில் காவாயை ஒட்டியோ குறுக்கேயோதான் போகிறது. தண்ணீர் விடாத நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இருக்காது. அப்போது எங்காவது ஒரு விரிசல் இருந்தால் வெளியே நிற்கிற காவாய்த் தண்ணீர் உள்ளே ஊறும். நாம் குழாயில் நேராக மோட்டார் போட்டு உறிஞ்சினால் இன்னும் வேகமாக ஊறும். தண்ணீர் வந்த முதல் ஐந்து நிமிடம் கலங்கலாக வருகிறதே, அதைத் துரு என்று நினைத்துக்கொள்கிறோம். இதற்கு ஒரு நல்ல சோதனை நம் நாட்டிலேயே கண்டுபிடித்தது உண்டு. 1982ல் குவாலியர் விஞ்ஞானிகள் வெளியிட்ட முறை. மருந்து தோய்த்த தாள் போட்ட சின்னப் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி ஒருநாள், இரண்டுநாள் வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் மலக்கிருமி இருந்தால் கறுத்துவிடும். குழாய்த் தண்ணீருக்குப் போட்டுப் பாருங்கள். காவாய்க்குப் போட வேண்டாம், அங்கே எதைப் போட்டாலும் கறுக்கும்.

கழிவுநீருக்குள் நோயைத் தேடிப் போகும் கலை பழசு. 1940களில் இங்கிலாந்தின் வட டெவனில், டைபாய்டு போன்ற பாராடைபாய்டு காய்ச்சல் பரவியபோது பிரெண்டன் மூர் என்பவர், பஞ்சுத்துணியைச் சுருட்டி நூலில் கட்டிச் சாக்கடையில் தொங்கவிட்டார். எந்தக் கிளையில் கிருமி சிக்கியதோ அந்தக் கிளையில் மேலே மேலே போய், கிருமியைச் சுமந்துகொண்டிருந்த ஆளின் வீடு வரை போய்ச் சேர்ந்தார். அதே துணி முறையை வைத்து நம் சிஎம்சி மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் வேலூர்ச் சாக்கடைகளில் டைபாய்டு கிருமியைத் தேடியிருக்கிறார்கள். ஆக, சாக்கடையில் துணி கட்டுவது வேலூருக்குப் புதிதல்ல. மனித மலமா மாட்டுச் சாணமா என்று மரபணுவை வைத்துப் பிரிக்கிற சோதனையும் இன்று இருக்கிறது. ஈகோலை என்கிற மலக்கிருமியின் எண்ணிக்கை மட்டும் அதைச் சொல்லாது. தெருவில் மாடும் நாயும் பன்றியும் நம்மோடு சேர்ந்து வாழ்கிற ஊரில் அந்த வித்தியாசம் தெரிவது நல்லதுதான். ஆனால் சோதனைக்குச் செலவு அதிகம், முதலில் நம் தண்ணீரில் சரிபார்க்கவும் வேண்டும். நான்கு வீட்டுச் சந்துக்குச் சாயமே போதும்.

பாதாளச் சாக்கடை வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும், அதுவரை பொறுப்போம் என்று சங்கக் கூட்டத்தில் ஒரு பெரியவர் சொன்னார். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இதில் உடன்பாடில்லை. பாதாளச் சாக்கடை வந்த பிறகும் பழைய நாலு இஞ்ச் குழாயை யாரும் வெட்டாவிட்டால் அது காவாய்க்கே ஓடும். நூறு வருடத்துக்கு மேல் பாதாளச் சாக்கடை இருக்கிற அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் கூட மழைநீர்க் குழாய்களில் தவறாகச் சேர்த்த வீட்டு இணைப்புகளை இன்றும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே சார்ல்ஸ் ஆற்றுக்கு 1995ல் அரசாங்கமே 'டி' மதிப்பெண் போட்டது. பிறகு அது நல்ல மதிப்பெண்ணுக்கு ஏறியதில் இப்படி ஒவ்வொரு குழாயாகத் தேடி வெட்டியதற்கும் பங்கு உண்டு. அவர்கள் செய்கிற ஒரு காரியம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு கிளை சேருமிடத்திலும் மணல் மூட்டையை அடுக்கி, இரண்டு நாள் கழித்து எதன் பின்னால் தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று பார்ப்பார்கள். எப்போதோ ஒருமுறை விடுகிறவர் கூட அதில் மாட்டிக்கொள்வார். மணல் மூட்டைக்கு நம்மிடம் என்ன குறைச்சல்? மழை நாளுக்கு முன் மறக்காமல் எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

சரி, உதவி என்று சொன்னேனே. வருகிற மாசி, பங்குனியில் மழை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் தெருத் தெருவாகச் சாயச் சோதனை செய்யலாம் என்று நாங்கள் சிலர் நினைக்கிறோம். ஒரு தெருவுக்கு ஒரு ஞாயிறு. அன்று காலை உங்கள் வீட்டுக் கக்கூசில் ஒரு டம்ளர் சாயத் தண்ணீர் ஊற்ற அனுமதி வேண்டும். முதல் நாளே தெருவில் எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும், இதை நான் வற்புறுத்துவேன். நம் மாவட்டத்தில் காவாயில் பச்சைத் தண்ணீர் ஓடினால் சாயக்கழிவு என்று ஊரே திரண்டுவிடும், அப்புறம் போலீசுக்குப் பதில் சொல்ல முடியாது. இரண்டு வீட்டில் ஒரே நேரத்தில் ஊற்றக் கூடாது, ஒன்றின் நிறம் போன பிறகே அடுத்தது. இல்லையென்றால் யாருடையது என்றே தெரியாது.

யாரும் குழிக்குள் இறங்கக் கூடாது. துப்புரவுப் பணியாளர் ஒருவரைக் கூப்பிட்டு, 'கொஞ்சம் உள்ளே இறங்கிப் பாருப்பா' என்று நூறு ரூபாய் நீட்டுகிற பழக்கம் நமக்கு உண்டு. செப்டிக் டேங்க்கிலும் சாக்கடையிலும் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறந்தால் 30 லட்சம் இழப்பீடு என்று 2023ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தப் பணத்தால் போன உயிர் வந்துவிடாது. மூடியைக் கம்பியால் தூக்கி, கழியில் கட்டிய பாட்டிலால் மொண்டால் போதும். இந்த வேலைக்கு உள்ளே போக வேண்டிய தேவையே இல்லை, இருந்தால் அந்த வேலையே வேண்டாம்.

இன்னொன்றையும் சங்கத்தாரிடம் கேட்கிறேன். எந்த வீட்டில் பச்சை வந்தது என்று வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. போட்டீர்கள் என்றால் அடுத்த ஞாயிறு ஒரு வீட்டுக் கதவும் திறக்காது. வாடகைக்கு இருப்பவரைத் திட்டியும் பயனில்லை, குழாய் அவர் போட்டதல்ல. கண்டதை வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லுங்கள். நோட்டில் வீட்டு எண்ணுக்குப் பதில் ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள். சரிசெய்ய ஒரு வருடம் அவகாசம் கொடுங்கள். அந்த ஒரு வருடத்துக்கு அபராதம் என்ற பேச்சே வேண்டாம் என்று மாநகராட்சியிடம் எழுத்தில் கேட்டு வாங்கவும் சங்கங்கள் சேர்ந்து முயல வேண்டும். அபராதம் வேண்டாம் என்று நான் சொல்வது என் வீட்டுக்காகவும்தான், மறைக்கவில்லை.

குழாயை வெட்டிய பிறகு என்ன செய்வது என்பதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. நான் என்ன செய்தேன் என்று மட்டும் சொல்கிறேன். உடைந்த நடுத்தடுப்பைக் கட்டினேன். குளிக்கிற, துவைக்கிற தண்ணீரைத் தொட்டிக்கு விடாமல் பின்பக்கம் வாழைக்குத் திருப்பினேன், தொட்டி நிரம்புவது பாதியாகக் குறைந்தது. காவாய்க்குப் போன குழாயின் வாயைச் சிமெண்ட் வைத்து அடைத்தேன். இப்போது ஐந்து மாதத்துக்கு ஒருமுறை லாரியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. கொடுக்கிற பணம் கசக்கத்தான் செய்கிறது. வீட்டில், "உங்க ஆராய்ச்சிக்கு நாம தண்டம் கட்றோம்" என்று ஒவ்வொரு முறையும் பேச்சு விழுகிறது. பின்பக்கம் இடம் இல்லாத வீடுகளுக்கு இதுவும் முடியாது. நான்கைந்து வீடு சேர்ந்து ஒரு பொதுத் தொட்டி கட்டலாமா, லாரியை மொத்தமாகப் பேசி விலை குறைக்கலாமா என்று உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. பாதாளச் சாக்கடை இணைப்பு வந்த தெருக்காரர்கள் பாடு பரவாயில்லை, பழைய குழாயை வெட்டினார்களா என்று பார்த்தால் போதும்.

குழாயை வெட்டின மறுவாரமே காவாய் சுத்தமாகிவிடும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். அடியில் படிந்த சேற்றில் கிருமிகள் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். அந்தச் சேற்றை வாராமல் மாதிரி எடுத்துவிட்டு, 'ஒன்றும் மாறவில்லையே, இதெல்லாம் சும்மா' என்று யாராவது சொல்வார். ஒரு மழைக்காலம் போன பிறகு, அடுத்த சித்திரையில் பாருங்கள். எங்கள் சந்தின் வாயில் இந்த வைகாசியில் கையை விட்டுப் பார்த்தேன். அடியில் வெடிப்பு விட்ட காய்ந்த சேறும் ஒரு உடைந்த பம்பரமும் கிடந்தன. தெருவின் மற்ற பகுதியில் நான்கு விரல் தண்ணீர் அப்படியேதான் ஓடுகிறது.

சம்மதிக்கிற சங்கங்கள் தங்கள் தெருவுக்கான ஞாயிற்றுக்கிழமையை, தை மாதக் கூட்டத்தில் முடிவு செய்து சொல்லியனுப்புங்கள். சாயமும் காடாத் துணியும் விளக்கும் என்னிடம் இருக்கின்றன. வடிகால் மூடியைத் தூக்க இரண்டு கடப்பாரை, கையுறை, நான்கு பேர் உங்கள் பக்கத்திலிருந்து வேண்டும். காலை ஆறு மணிக்கு முன்னால் வந்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தெருக்களுக்குக் கீழே, கன்சால்பேட்டைக்கு மேலே குடியிருக்கும் ஒரு வீட்டுக்காரன்
வேலூர்